சேலத்திலிருந்து லால்பாக்: மரங்களுக்காக ஒரு காலைப்பொழுது

பெங்களூருக்குப் போய்வந்த சேலத்துக் குடும்பங்களிடம் லால்பாக் தோட்டத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "பார்த்தோம், ஒரே கூட்டம்" என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். கண்ணாடி மாளிகையின் முன்னே நின்று எடுத்துக்கொண்ட படம் கைப்பேசியில் இருக்கும். 240 ஏக்கரில் நிற்கும் மரங்களுள் ஒன்றுகூட நினைவில் தங்கியிருக்காது. நான் முதன்முறை போனது ஓர் ஆகஸ்ட் 15ஆம் நாள். மலர்க் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அக்கா குடும்பத்தோடு ஏழு பேராகப் போய், இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, முன்னால் நகர்பவர்களின் முதுகைத் தவிர வேறெதையும் சரியாகப் பார்க்க முடியாமல், நடுவில் அக்கா மகனைக் கால் மணி நேரம் காணாமல் தேடி, களைத்துப்போய் வெளியே வந்தோம். அதன்பின் ஐந்தாறு முறை, வெவ்வேறு மாதங்களில், வேலை நாளாகப் பார்த்து, விடிந்ததும் உள்ளே நுழையும்படி போய்வந்திருக்கிறேன். லால்பாக் மரங்களுக்காகப் பார்க்க வேண்டிய தோட்டம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கீழே சொல்லும் வழிமுறை முழுவதும் அந்த எண்ணத்தின்மேல் அமைந்தது.

முதலில் நாளை முடிவு செய்ய வேண்டும். குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இரண்டு முறை மலர்க் கண்காட்சி நடக்கிறது. பூ அலங்காரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகள் விரும்பினால், விடுமுறை நாளையும் சனி ஞாயிறையும் தவிர்த்து, வார நடுவில் ஒரு நாள், வாயில் திறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விடுங்கள். சொந்த வண்டியில் போகாதீர்கள், அந்த நாட்களில் சுற்றுவட்டாரத் தெருக்களில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது. கண்காட்சி இல்லாத நாட்களில் எந்த மாதமும் நல்ல மாதமே. பிப்ரவரி, மார்ச்சில் ஜகரண்டா ஊதா நிறத்தில் பூத்து, விழுந்த பூக்களால் நடைபாதையையே மூடிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் செம்மயிற்கொன்றையின் முறை. ஓராண்டின் எந்த மாதத்திலும் நகரத்தில் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்க வேண்டும் என்று திட்டமிட்டு மரங்களை நடச் செய்தவர் குரும்பிகல் என்னும் ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர். 1908 முதல் 1932 வரை லால்பாக்கின் பொறுப்பு அவரிடம் இருந்தது. எனக்குப் பிடித்த மாதம் பிப்ரவரி. சேலத்தில் வெயில் ஏறத் தொடங்கும் அந்த நேரத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் காலை ஒன்பது மணி வரை குளிர்ச்சி மிச்சமிருக்கும். முதியவர்களுக்கு ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். ஏற்காட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொள்கிறவர்கள்கூடப் பெங்களூருக்குப் போகும்போது மறந்துவிடுகிறார்கள்.

சாலை வழியாகச் சேலத்திலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். புதிய பேருந்து நிலையத்திலிருந்து இரவு முழுவதும் பேருந்து உண்டு. நள்ளிரவு தாண்டி ஒன்று, ஒன்றரை மணிக்குப் புறப்படும் பேருந்தில் ஏறினால், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் கடந்து விடியும் வேளையில் நகர எல்லையை அடைந்துவிடலாம். அங்கிருந்து செய்ய வேண்டியதுதான் முக்கியம். முன்பெல்லாம் சில்க் போர்டு சந்திப்பில் இறங்கி ஆட்டோக்காரரோடு பேரம் பேச வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தபின் நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ஓசூர் சாலையிலேயே உள்ள பொம்மசந்திராவில் இறங்கி, மஞ்சள் தடத்தில் ஏறி, கடைசி நிலையமான ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால், ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள் தாண்டி மூன்றாவது நிலையம் லால்பாக். சில பேருந்துகள் எலக்ட்ரானிக் சிட்டி அருகே மேம்பாலத்தில் ஏறி சில்க் போர்டில்தான் இறங்கும். ஆகவே பொம்மசந்திராவில் இறக்கிவிடும்படி நடத்துநரிடம் ஓசூரிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். தூக்கத்தில் தவறவிட்டாலும் கவலை இல்லை, சில்க் போர்டிலும் அதே மஞ்சள் தடத்துக்கு நிலையம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ மற்ற நாட்களைவிடத் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ரயிலில் வருகிறவர்கள் கே.எஸ்.ஆர். பெங்களூரு நிலையத்தில் (மெஜஸ்டிக்) இறங்கினால் அதே பச்சைத் தடத்தில் சிக்பேட், கே.ஆர். மார்க்கெட், நேஷனல் காலேஜ் தாண்டி லால்பாக்கில் இறங்கலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை இரவுப் பேருந்தில் அழைத்து வராதீர்கள். முதல் நாள் பகல் ரயிலில் வந்து, உறவினர் வீட்டில் தங்கி, காலையில் புறப்படுவதே அவர்களுக்கு நல்லது. பெங்களூரில் ஓர் உறவினர்கூட இல்லாத சேலத்துக் குடும்பம் குறைவு. காரில் வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்த வசதியானது கிழக்கு வாயில். மெட்ரோவில் வருகிறவர்களுக்கு அருகில் இருப்பது மேற்கு வாயில்.

வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். முதல் இரண்டு மணி நேரம் தோட்டம் நடைப்பயிற்சிக்காரர்களுடையது. அவர்கள் வேகமாக நடப்பார்கள், நீங்கள் பாதையின் ஓரமாக நடந்துகொண்டால் இருவருக்கும் இடைஞ்சல் இல்லை. கையில் தண்ணீருக்கு எவர்சில்வர் அல்லது செம்புக் குடுவை, கொஞ்சம் சில்லறை, பிடிமானம் உள்ள செருப்பு, பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும். பிளாஸ்டிக் பைகளையும் பொட்டலங்களையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குடும்பத்தோடு போனால், உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகச் சந்திக்கும் இடம் ஒன்றை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். குதிரைமேல் அமர்ந்த சாமராஜேந்திர உடையாரின் சிலை அதற்கு ஏற்றது, குழந்தைகளுக்கும் அடையாளம் மறக்காது. அக்கா மகனைத் தேடி அலைந்த அன்று நாங்கள் அப்படி எதுவும் சொல்லி வைக்கவில்லை. காவலர்களிடமும் தோட்டப் பணியாளர்களிடமும் தமிழிலேயே பேசலாம், பெரும்பாலோருக்குப் புரியும். இருந்தாலும் மூன்று கன்னடச் சொற்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் வழி கேட்க உதவும்: ஏரிக்குக் கெரெ, பாறைக்குப் பண்டெ, கண்ணாடி மாளிகைக்குக் காஜின மனெ.

நுழைந்தவுடன் நேராகப் பாறைக்குப் போங்கள். வெயில் ஏறியபின் அங்கே நிழலே கிடையாது. பாறை சூடாகிவிட்டால் குழந்தைகளால் நிற்க முடியாது. பார்க்க வெறும் மொட்டைப் பாறையாகத்தான் இருக்கும், ஆனால் அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. குனிந்து பார்த்தால் வெளிர் நிறமும் கருநிறமும் மாறி மாறிப் பட்டை பட்டையாக ஓடுவது தெரியும். டிகாக்ஷனில் பாலை ஊற்றிவிட்டு ஆற்றாமல் வைத்தால் கோடு கோடாகப் பிரிந்து நிற்குமே, அதைப் போன்ற தோற்றம். பூமிக்கடியில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் கனிமங்கள் தனித்தனி அடுக்குகளாகப் பிரிந்ததால் வந்த கோடுகள் அவை. இவ்வகைப் பாறைக்கு நைஸ் என்று பெயர். ஏற்காட்டுக்கு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்தில், வெட்டி எடுத்த மலைச்சுவரில் கருநீலச் சாயலோடு பார்க்கிறோமே, அந்த நம் சேர்வராயன் மலையின் கல் சார்னோகைட் வகை. அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. கால்கீழே கிடக்கும் இந்தப் பாறை நம் மலையையும்விட மூத்தது என்று சொன்னதும், சலிப்பாக நின்றிருந்த அக்கா மகன் உட்கார்ந்து கோடுகளை எண்ணத் தொடங்கிவிட்டான். உச்சியில் உள்ள சிறு மண்டபம் கெம்பே கௌடரின் கோபுரம் என்று அழைக்கப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் நகரை நிறுவிய அவர் பெயரால் எல்லை குறிக்க நின்ற நான்கு கோபுரங்களில் இது ஒன்று. இன்று அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டடங்களே தெரியும்.

பாறையை விட்டு இறங்குவதற்கு முன், தோட்டத்தின் கதையைப் பிள்ளைகளுக்கு அங்கேயே உட்கார்ந்து சொல்லிவிடலாம். 1760ஆம் ஆண்டு வாக்கில் ஹைதர் அலி தொடங்கியபோது இது நாற்பது ஏக்கர் அளவில் இருந்தது. மகன் திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் தருவித்துப் பெருக்கினார். அந்நாளில் நம் சேலமும் அவர்களுடைய ஆட்சிப் பகுதிதான். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படியே சேலம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இன்னொரு தொடர்பும் உண்டு. தோட்ட வேலையில் கைதேர்ந்த திகளர் சமூகத்தார், தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து பெங்களூரில் குடியேறியவர்கள். லால்பாக்கை உருவாக்கியதிலும் பேணியதிலும் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெங்களூரின் புகழ்பெற்ற கரகத் திருவிழாவும் அவர்களுடையதே. வேற்றூர்த் தோட்டத்துக்கு வந்திருக்கிறோம் என்ற எண்ணம் இதைக் கேட்டபின் குறைந்துவிடும்.

கண்ணாடி மாளிகையில் நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை. லண்டனின் கிறிஸ்டல் பேலஸை மாதிரியாகக் கொண்டு, 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட இரும்பும் கண்ணாடியுமான கட்டடம் அது. கண்காட்சி இல்லாத நாளில் வெறுமையாக இருக்கும், அப்போதுதான் அதன் வார்ப்பிரும்புத் தூண்களின் அழகு கண்ணில் படும். ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும். அதைக் கட்டுவித்த ஜான் கேமரன் காலத்தில்தான் சௌசௌவும் லால்பாக் வழியாக இந்தப் பக்கங்களில் பரவியது. நம் பாட்டிமார் அதைப் பெங்களூர் கத்தரிக்காய் என்று சொல்வதன் காரணம் இதுவே.

இனி மரங்கள். காலை உணவு நேரம் வரை மீதமுள்ள பொழுது முழுவதையும் இவற்றுக்கே கொடுங்கள். எல்லா மரத்தையும் பார்க்க முயலாதீர்கள். ஆறேழு மரங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு மரத்தைப் பார்க்கும் பழக்கம் வந்திருக்கும். இங்கே அதைத் திருப்பிப்போட்டு, முதலில் மரத்தைப் பார்த்து, நமக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை அதில் தேடி, அதன்பின் பலகைக்குப் போகுமாறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இலை கூட்டிலையா தனியிலையா, பட்டை உரிகிறதா, பூ கிளையில் வருகிறதா அடிமரத்தில் வருகிறதா என்று நோட்டில் குறிக்கச் சொன்னால், அடுத்த மரத்துக்கு அவர்களே உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள்.

முதலில் போக வேண்டியது இலவ மரத்திடம். ஏறத்தாழ இருநூறு வயது என்று சொல்லப்படும் அந்த வெள்ளிலவு, யாரைக் கேட்டாலும் வழிகாட்டும் அளவுக்குப் பெயர்பெற்றது. அதன் அடிமரம் தரையைத் தொடும் முன்பே பலகை பலகையாக விரிந்து, ஆளுயரச் சுவர்களைப் போல நாற்புறமும் மண்ணில் இறங்குகிறது. ஆழமாக வேரோடாத பெருமரங்கள் காற்றில் சாயாமல் நிற்பதற்கு இந்தப் பலகை வேர்கள்தாம் முட்டுக்கொடுக்கின்றன. ஒரு மடிப்புக்கும் அடுத்த மடிப்புக்கும் நடுவே நிழல் கருத்துக் கிடக்கும், சாம்பல் நிறப் பட்டையில் காலைவெயில் சாய்வாக விழும்போது யானையின் முன்காலும் விலாவும் போலத் தோன்றும். என் அம்மா அந்த மரத்தின் முன்னே பேசாமல் வெகுநேரம் நின்றார். பிறகு, "நம்ம வீட்டுத் தலையணையெல்லாம் இந்த மரந்தானா?" என்று கேட்டார். இலவம்பஞ்சுத் தலையணையில் ஐம்பது ஆண்டு தலைவைத்துப் படுத்தவருக்கு, அந்தப் பஞ்சு எத்தனை பெரிய மரத்தில் காய்க்கிறது என்பதைப் பார்க்க அதுவரை வாய்ப்பு அமையவில்லை. இலவு காத்த கிளியின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு அவர் சொன்னதும் அந்த மரத்தடியில்தான்.

அடுத்து நாகலிங்க மரத்தைத் தேடுங்கள். இதன் பூ கிளை நுனியில் வராது. அடிமரத்திலிருந்தே தொங்கும் முறுக்கேறிய காம்புகளில் பூக்கும். கீழே விழுந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சதைப்பற்றான ஆறு இதழ்கள், நடுவில் சிறிய மேடு, அதைச் சுற்றிப் பொடிப்பொடியான மகரந்தத் தாள்கள். ஒரு பக்கத்திலிருந்து கிளம்பிய பட்டை ஒன்று அந்த மேட்டின்மேல் படமெடுத்தாற்போல் கவிந்திருக்கும். சிவன் கோயில்களில் இதை நட்டு வளர்த்த நம்மவர்களுக்கு இது நம் மண்ணின் மரமாகவே ஆகிவிட்டது, ஆனால் இதன் தாயகம் தென்னமெரிக்கா. மணம் காலையில்தான் கூர்மையாக இருக்கும். காயின் அடியில் மட்டும் நிற்காதீர்கள், பீரங்கிக் குண்டைப் போலக் கனமானது.

சேர்வராயன் மலைப் பக்கத்தினர் கட்டாயம் பார்க்க வேண்டியது சில்வர் ஓக். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நட்டு, மிளகுக் கொடி ஏற்றி, கிளை கழித்து ஒட்டக் கழித்து நேராக நிறுத்தியிருப்பதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரம், யாரும் வெட்டாமல் விட்டால் எப்படி வளரும் என்பதை இங்கே காணலாம். திப்புவின் காலத்தது என்று சொல்லப்படும் மாமரமும் தோட்டத்தில் உண்டு. மல்கோவாவும் இமாம்பசந்தும் தின்று வளர்ந்த சேலத்துக்காரர்கள் அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. கூம்பாக நிமிர்ந்து நிற்கும் அரவுக்காரியா, குடைவிரித்த தூங்குமூஞ்சி ஆகியவற்றைப் போகிற வழியிலேயே பார்த்துக்கொள்ளலாம். உயரமான மரங்களில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருக்கும். அந்த மரங்களுக்குக் கீழே உட்கார்ந்து உண்பதையும் பிள்ளைகள் கல் எறிவதையும் தடுத்துவிடுங்கள்.

மர வரிசையை முடிக்க ஏற்றது ஒரு கல்மரம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து கொண்டுவரப்பட்டு இங்கே வைக்கப்பட்டிருக்கும் அந்த அடிமரம், சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து, மரச்சத்து இருந்த இடத்தில் கனிமம் ஊறி ஊறிக் கல்லாகிவிட்டது. தொலைவிலிருந்து பார்த்தால் வெட்டிப்போட்ட கட்டையென்றே நினைப்பீர்கள்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டு, பத்து மணிக்குள் வெளியேறினால் நல்லது. நடக்க முடியாத பெரியவர்களுக்குப் பேட்டரி வண்டி இருக்கிறது; அதில் அவர்களை ஒரு சுற்று அனுப்பிவிட்டு, இலவ மரத்தருகே மட்டும் கைப்பிடித்து இறக்கி நிற்கவையுங்கள். பழச்சாறுக்கு உள்ளேயே ஹாப்காம்ஸ் கடை உண்டு. வயிறார உண்பதற்கு, 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகம் லால்பாக் சாலையில் நடக்கும் தொலைவில் உள்ளது. காத்திருக்க நேரிடும் என்பதால் குழந்தைகளுக்கு முன்னதாகவே ஒரு வாழைப்பழமாவது கொடுத்து வைப்பது நல்லது. ரவை இட்லி சொல்லுங்கள்.

திரும்புவதைப் பகல் இரண்டு மணிக்குள் தொடங்கிவிடுங்கள். மாலையில் ஓசூர் சாலை நெரிசலில் சிக்கினால் அதிலேயே பொழுது போய்விடும்; காரில் வந்தவர்கள் தருமபுரி தாண்டி இறங்கும் தொப்பூர் கணவாயை வெளிச்சம் இருக்கும்போதே கடப்பது பாதுகாப்பு. செடி வாங்கும் எண்ணம் இருந்தால் தோட்டத்திலேயே விற்பனை நாற்றங்கால் இருக்கிறது. பெங்களூரின் குளிர்ச்சியில் தளதளவென்று நிற்பதெல்லாம் நம் ஊர் வெயிலைத் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். பூத்துக் குலுங்கும் ரோஜாவைவிட, இன்னும் பூக்காத செம்பருத்தியோ நந்தியாவட்டையோ சேலத்தில் பிழைக்கும். வேர்மண்ணை ஈரச் சாக்கில் சுற்றி, பேருந்தில் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றே மண்ணில் நட்டுவிடாமல், திண்ணை நிழலில் ஒரு வாரம் வைத்து, காலையும் மாலையும் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டி, புதுத் தளிர் விட்டபின் வெயிலுக்கு மாற்றுங்கள்.